புதுப் போனில் அப்டேட் வந்து நிற்கிறது: போடலாமா, விடலாமா?

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். கோபிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்குப் புதிதாக ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறார். 6 ஜிபி ராம், உள்ளே ஆண்ட்ராய்டு 15. வைஃபை கொடுத்ததுமே செக்யூரிட்டி பேட்ச் ஒன்று வந்து நிற்கிறது. அந்த மாடலுக்கு ஆண்ட்ராய்டு 16-ம் போன வாரத்திலிருந்து வர ஆரம்பித்திருக்கிறது. கடைக்காரர், "அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க, ஸ்லோ ஆயிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மச்சான் ஸ்க்ரீனில் பச்சைக் கோடு விழும் என்கிறார். அப்பாவோ, "இப்ப நல்லாத்தான இருக்குது, எதுக்கு அதப் போய் நோண்டிக்கிட்டு?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது தம்பியின் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்சை இன்றைக்கே போடுங்கள். அப்பாவின் சிம் மாறுவதற்கு முன், ஜிபே ஏறுவதற்கு முன், போன் காலியாக இருக்கும்போதே போடுங்கள். ஆண்ட்ராய்டு 16-ஐ ஒரு மாதம் போல விட்டுப் போடுங்கள். போடாமலே விட்டுவிட வேண்டாம்.

"அப்டேட்" என்று ஒரே பேரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் வருவதால்தான் இவ்வளவு குழப்பம். பேட்ச் என்பது இருக்கிற சாஃப்ட்வேரில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது. சில நூறு எம்பிதான் இருக்கும், பார்வைக்கு எதுவும் மாறாது. ஆண்ட்ராய்டு 15-லிருந்து 16-க்குப் போவது சாஃப்ட்வேரையே மாற்றுவது. இரண்டு மூன்று ஜிபி வரும், செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன் எல்லாம் இடம் மாறும். கடைக்காரர்கள் பயப்படுவது இரண்டாவதை. அந்தப் பயத்தில் முதலாவதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறார்கள்.

காலியாக இருக்கும்போதே போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே குழாயைத் திறந்து பார்த்துவிடுவோம், சாமான்களை இறக்கிவிட்டு யாரும் பார்ப்பதில்லை. போனிலும் அப்படித்தான். முதல் நாளில் அதில் ஒரு போட்டோ கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, பேங்க் ஆப் கிடையாது. அப்டேட்டில் ஏதாவது கோளாறு வந்தாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ரீசெட் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஏழு நாள் ரீப்ளேஸ்மென்ட் இருக்கும். அந்த ஏழு நாளுக்குள் போனை நன்றாக ஓட்டி, இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது உங்களுக்குத்தான் லாபம். பலவீனமான போர்டோ பேட்டரியோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எட்டாம் மாதம் தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆனால் நம் கடைகளில் நடப்பது என்ன? பெட்டியை உடைக்கிறார்கள், டெம்பர் ஒட்டுகிறார்கள், அங்கேயே சிம்மை மாற்றி, வாட்ஸ்அப்பை ஏற்றி, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். வேலை சுலபமாக முடிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் திரும்பிப் பார்க்கப் பழைய போன் இல்லை. முடிந்தால் எக்ஸ்சேஞ்சை நாலு நாள் தள்ளிப் போடுங்கள். எக்ஸ்சேஞ்சே வேண்டாம் என்று விட்டால் இன்னும் நிம்மதி.

அப்புறம், "புதுசுதானே, இதற்கு எதற்குப் பேட்ச்?" என்று கேட்பார்கள். போன் புதிது, சாஃப்ட்வேர் புதிதல்ல. பெட்டிக்குள் போன அன்றைக்கு என்ன இருந்ததோ அதுதான் உள்ளே இருக்கிறது. கம்பெனியிலிருந்து குடோன், குடோனிலிருந்து ஷோரூம் என்று அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் "அபவுட் போன்" போய், அதில் ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்பதைத் தொட்டால் செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். இன்றைய தேதிக்கும் அதற்கும் எத்தனை மாதம் இடைவெளியோ அத்தனை மாதத்துப் பழைய ஓட்டைகள் திறந்து கிடக்கின்றன என்று அர்த்தம். ஒரு அப்டேட் போட்டதும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி "செக் ஃபார் அப்டேட்" அழுத்துங்கள். பெட்டியில் ரொம்ப நாள் கிடந்த போனுக்கு வரிசையாக இரண்டு மூன்று வரும். அதே இடத்தில் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் தொட்டுவிடுங்கள்.

இந்த மாதாந்திரப் பேட்ச் ஏன் வந்தது என்பதையும் சொல்கிறேன். 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய முடியும், போன்காரர் எதையும் தொடக்கூட வேண்டியதில்லை என்ற நிலை. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் செக்யூரிட்டி அறிக்கை வெளியிட்டுத் திருத்தம் கொடுக்க ஆரம்பித்தது. 2023 செப்டம்பரில் இன்னொன்று: வெப்பி என்ற பட வகையைத் திறந்து காட்டும் சாஃப்ட்வேரிலேயே ஓட்டை. குரோம் உட்பட ஏகப்பட்ட ஆப்கள் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. காலை ஐந்தரைக்கே முருகர் படமும் குட்மார்னிங்குமாக வந்து குவியும் அப்பாக்களின் போனுக்கு இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பணம் பறிபோகிற சம்பவங்களில் நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலானவை இந்த மாதிரி நுட்பமான ஓட்டைகளால் நடப்பதில்லை. "டிராஃபிக் சலான்", "பிஎம் கிசான்", "கல்யாணப் பத்திரிகை" என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை ஏற்றும் ஃபைல்) தொட்டு இன்ஸ்டால் செய்வதால் நடக்கிறது. எந்தப் பேட்ச் போட்டாலும், நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டால் அது காப்பாற்றாது. "உங்கள் போனை உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று பிரவுசரில் பளிச்சென்று ஒன்று வருமே, அதுவும் இந்த வகைதான். உண்மையான சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் இருக்கும். எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ லிங்க்காக வராது. அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஆண்ட்ராய்டு 16. கூகுள் இதை 2025 ஜூன் 10-ல் வெளியிட்டுவிட்டது. ஆனால் உங்கள் போனுக்கு அது வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாடலுக்கும் அதைத் தன் பங்குக்கு மாற்றித்தான் தருகிறது. ஆகவே ஆண்ட்ராய்டு 16 வந்து எவ்வளவு நாளாயிற்று என்பது முக்கியமில்லை, உங்கள் மாடலுக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று என்பதைப் பாருங்கள்.

பெரிய கம்பெனி என்றால் தப்பு நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ஐபோன் 6 கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 24-ம் தேதி ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1-ஐ விட்டது. அதைப் போட்ட புதுப் போன்களில் சிக்னலே போய்விட்டது, கைரேகையும் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரத்திலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுநாள் 8.0.2 கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒரே போனில் இரண்டு மூன்று யூசர் வைத்திருந்த, கூகுளின் பிக்சல் போன்காரர்கள் சிலருக்குத் தங்கள் போட்டோவையே திறக்க முடியாமல் போயிற்று. இரண்டிலும் முதல் ஆளாகப் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள், சில வாரம் பொறுத்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதனால்தான் கம்பெனிகளும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது, 16-க்கு அப்புறம் அதே மாடலுக்கு ஒரு சின்னத் திருத்த அப்டேட் வந்துவிட்டதா என்பது. வந்துவிட்டால் முதல் சுற்றுக் கோளாறுகள் பெரும்பாலும் அதில் சரியாகியிருக்கும். மாடல் பேரோடு அப்டேட் நம்பரையும் போட்டுத் தேடி, அதைப் போட்டவர்கள் சிக்னல், சார்ஜ், கேமரா பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கால் மணி நேரம் படித்தால் போதும். உங்கள் மாடலுக்கு 16 வந்து நாலு மாதம் ஆகியிருந்தால், அதையும் காலிப் போனிலேயே போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு வாரம் என்பதால்தான் நிறுத்துகிறேன்.

"15-லேயே இருந்துகொண்டு பேட்ச் மட்டும் போட்டுக்கொண்டே போகிறேன்" என்றால் அது ரொம்ப நாள் ஓடாது. உங்கள் மாடலுக்கு 16 வந்த பிறகு, அடுத்தடுத்த மாதத்துப் பேட்ச்கள் பெரும்பாலும் 16-ன் மேல்தான் வரும். அதை ஒதுக்கினால் பேட்சையும் ஒதுக்கியதாகிவிடும். அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன், ஒரு வருடம் என்று சொல்லவில்லை. இடையில் அப்பா தெரியாமல் அழுத்திவிடாதபடி, சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் வைஃபையில் தானாக டவுன்லோட் ஆவதை அணைத்து வையுங்கள். "இன்றிரவு இன்ஸ்டால் செய்யட்டுமா?" என்று கேட்கும் போன்களும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் ஓகே அழுத்தியவர்கள் நிறையப் பேர்.

கடைக்காரர் சொன்ன "ஸ்லோ ஆயிரும்" முழுப் பொய்யில்லை. பெரிய அப்டேட் போட்ட முதல் இரண்டு மூன்று நாள் எந்தப் போனும் சூடாகும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். உள்ளே எல்லா ஆப்பையும் புது சாஃப்ட்வேருக்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்துகொண்டும், போட்டோக்களைப் புதிதாக வரிசைப்படுத்திக்கொண்டும் இருக்கும். அந்த இரண்டு நாளில் பார்த்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் "போன் போச்சு" என்கிறார்கள். ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ஆனால் நிஜமாகவே வேகம் குறைகிற இடமும் உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது: பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அப்டேட் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்தோம் என்று. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைக்கவும் செய்தது. 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள போன், வாங்கி மூன்று வருடம், இரண்டாவது பெரிய அப்டேட் என்றால் நானும் யோசிப்பேன். பெட்டியிலிருந்து எடுத்த 6 ஜிபி போனுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பச்சைக் கோடு வேறு விஷயம். அது அமோலெட் ஸ்க்ரீனில் வருகிற ஹார்டுவேர் கோளாறு. அப்டேட் போட்ட மறுநாள் விழுந்தது என்று நம் நாட்டில் ஏராளமான பேர் சொன்னார்கள், ஒன்பிளஸ் கம்பெனி பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இலவசமாக ஸ்க்ரீன் மாற்றித் தரும் அளவுக்குப் போயிற்று. கோடு விழுந்துவிட்டால் ஸ்க்ரீனை மாற்றுவதுதான் வழி. அடுத்த அப்டேட்டால் அது மறையாது. முதலில் அப்பாவின் போனில் இருப்பது எந்த ஸ்க்ரீன் என்று பெட்டியைப் பாருங்கள். எல்சிடி என்றால் மச்சானின் பயம் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அமோலெட் என்றால், எந்த அப்டேட்டையும் போனைச் சூடாக்காமல் போடுங்கள். கவரைக் கழற்றிவிட்டு, மெத்தை மேல் வைக்காமல், ஃபேனுக்குக் கீழே. நம் பக்கம் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும், மத்தியானம் ஓட்டுவீட்டுக்குள் சார்ஜில் போட்டுக்கொண்டு அப்டேட் போடாதீர்கள். ராத்திரியிலோ விடியற்காலையிலோ போடுங்கள்.

கரண்ட் போய்விட்டால் போன் செத்துவிடும் என்ற பயமும் இருக்கிறது, மாதாந்திர ஷட்டவுன் நாளில் போட வேண்டாம் என்பார்கள். போனுக்குத்தான் பேட்டரி இருக்கிறதே. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தால் கரண்ட் போனாலும் இன்ஸ்டால் நடந்துகொண்டேதான் இருக்கும். டவுன்லோட் பாதியில் நின்றால் பிறகு தொடரும். இப்போதைய போன்கள் பெரும்பாலானவற்றில், ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரைத் தொடாமல் பக்கத்து இடத்தில் புதியதை ஏற்றிவிட்டு, ரீஸ்டார்ட்டில்தான் மாறும். புதியது எழாவிட்டால் பழையதுக்கே திரும்பிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இந்த முறை 2016 முதல் இருக்கிறது. சாம்சங் மட்டும் 2024-ல்தான் இதற்கு வர ஆரம்பித்தது. தோட்டத்தில் வைஃபை இல்லாவிட்டால், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளானில் ஆண்ட்ராய்டு 16-ஐ இறக்க முயலாதீர்கள், பாதியிலேயே வேகம் செத்துவிடும். பேட்ச்களைத் திருப்பூரில் உங்கள் ரூமிலேயே முடித்துவிட்டு ஊருக்கு எடுத்துப் போங்கள், 16-ஐ வைஃபை கிடைக்கும் இடத்தில் போடுங்கள்.

இவ்வளவு யோசிக்கச் சொல்வதற்குக் காரணம், பெரிய அப்டேட்டில் பின்னால் திரும்புவது கிட்டத்தட்ட முடியாது என்பதுதான். பல கம்பெனிகள் பழைய பதிப்பை ஏற்ற முடியாதபடி பூட்டிவிடுகின்றன. ஆப்பிளில் பழைய பதிப்புக்கு அனுமதி தருவதைச் சில நாள்களிலேயே நிறுத்திவிடுவார்கள். "நான் டவுன்கிரேட் பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், போனில் உள்ள எல்லாம் அழியும், பூட்டை உடைத்த போனில் பேங்க் ஆப்கள் ஓட மறுக்கலாம், வாரண்டிக்கும் சிக்கல் வரும். சோதனைக்காக முன்கூட்டியே விடும் பீட்டா பதிப்பு பக்கமும் போக வேண்டாம்.

தம்பி கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: அப்பா போர்வெல் மோட்டாரை மொபைல் ஸ்டார்ட்டர் ஆப்பில்தான் போடுகிறார், அது ஓடுமா என்று. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. ஸ்டார்ட்டர் போட்டுக் கொடுத்தவர் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ஆப்பாக இருந்தால், அது புதுப் போனில் ஏறாமலே போகலாம். மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்காக எழுதிய ஆப்களை ஆண்ட்ராய்டு 14-லிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்ய விடுவதில்லை, 15-ல் அந்த வரம்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆகவே ஆப் ஏறவில்லை என்றால் நீங்கள் போட்ட பேட்ச்சின் மேல் பழி போடாதீர்கள். போன் பெட்டியில் வந்தபோதே அப்படித்தான். பிளே ஸ்டோரில் அதே கம்பெனியின் புது ஆப் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் இந்த ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சிம்முக்குக் கால் போட்டோ, எஸ்எம்எஸ் அனுப்பியோ மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அந்த நம்பரையும், என்ன எஸ்எம்எஸ் என்பதையும் ஒரு தாளில் எழுதி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள்.

அப்பாவுக்காக இன்னொன்று. 2025 ஆகஸ்டில் நிறையப் பேருக்கு ஒரே ராத்திரியில் கால் வரும் ஸ்க்ரீன் மாறிப்போயிற்று. போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறினார்கள். அது சிஸ்டம் அப்டேட்டே இல்லை, கூகுளின் போன் ஆப் பிளே ஸ்டோர் வழியாகத் தானாக மாறியது. சிஸ்டம் அப்டேட்டைத் தடுத்துவிட்டால் எதுவும் மாறாது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எது மாறினாலும் பெரியவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது, காலை எப்படி எடுப்பது, எப்படி வைப்பது என்பதைத்தான். அவர் கையில் கொடுத்து, நீங்கள் கூப்பிட்டு, அவரே எடுக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

ஐபோன் வாங்கியவர்களும் இதையே கேட்பார்கள். அங்கே யோசிக்க அவ்வளவு இடமில்லை: பழைய ஐபோனில் புதுப் பதிப்பு இருந்து, பெட்டியிலிருந்து எடுத்ததில் பழைய பதிப்பு இருந்தால், அப்டேட் போடாமல் பேக்கப்பை ஏற்றவே முடியாது.

உங்கள் விஷயத்தில் வரிசை இதுதான். இன்றிரவு திருப்பூரில் பேட்ச்களை எல்லாம் போட்டு முடியுங்கள். சிம் இல்லாமல் இரண்டு நாள் உங்கள் ரூமிலேயே ஓடட்டும், சூடு, சார்ஜ் எல்லாம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோபிக்குப் போய் சிம்மை மாற்றி, வாட்ஸ்அப் பேக்கப்பை இறக்கி, ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் அப்பாவையே புதுப் போனிலிருந்து மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் விழுந்த பிறகு பழைய போனை எடுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டு 16-ஐ அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.